மழைத் தொட்டியில் லாரித் தண்ணீர்

உண்மையைச் சொன்ன ஒரு மாணவியைப் பெரிய மனிதர்கள் கூடிய இடத்தில் பொய் சொல்கிறவள் என்று சொன்னேன். பொய் சொன்னவன் நான். இதை எழுதவே எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டு ஊர் ஒன்றில் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தேன். அறிவியல் பாடமும் எடுப்பேன். பருவநிலை மாற்றத்தைப் புத்தகத்தை வைத்து நடத்தாதீர்கள், பிள்ளைகளே தங்கள் ஊரில் ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து, அளந்து பார்த்து, செய்து பார்த்துக் கற்கட்டும் என்று ஒரு பயிற்சியில் சொல்லி அனுப்பினார்கள். தோற்றாலும் பரவாயில்லை, தோல்வியையும் எழுதச் சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. எட்டாம் வகுப்பில் ஒரு குழுவைச் சேர்த்தேன்.

பிள்ளைகள் பிரச்சினையைத் தேடி வெகுதூரம் போகவில்லை. மதியத்துக்கு மேல் பள்ளியில் குடிக்கத் தண்ணீர் இருக்காது. ஐப்பசியில் நின்று பெய்த மழை இப்போது எப்போதோ ஓர் இரவில் மொத்தமாகக் கொட்டி, விதைத்த உளுந்தை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அந்த ஓர் இரவுத் தண்ணீரைக் கூரையிலிருந்து பிடித்து வைத்தால் என்ன என்று கேட்டார்கள். ஓர் அறக்கட்டளை செலவை ஏற்றுக்கொண்டது.

தொட்டியைத் தரைக்கு மேலே, கல் அடுக்கி அதன்மேல் வைக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் யோசனை. அறக்கட்டளை கொடுத்த படத்தில் தொட்டி பூமிக்குள் இருந்தது. நான் படத்தின் பக்கம் நின்றேன். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். சரளைக்கல் கொட்டி இறுக்காமல் இங்கே யாரும் சுவர் எழுப்ப மாட்டார்கள். இதே மண்ணில் பிறந்த எனக்கு அது தெரியாதா? திறப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று அவசரப்பட்டேன். குழி தோண்டி நேராகச் சிமெண்டுத் தொட்டியைக் கட்டவைத்தேன்.

ஒரு மழையில் தொட்டி நிறைந்தது. பிள்ளைகள் ஆடினார்கள். தினமும் காலையில் கம்பை விட்டுத் தண்ணீர் மட்டம் பார்க்கும் வேலை ஒரு மாணவியுடையது. ஆடு வளர்க்கும் வீட்டுப் பெண். நாலைந்து நாளில் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், யாரும் தண்ணி மோக்கல. ஆனா கொறையுது. எங்கனயோ வெடிச்சிருக்கு."

"வெயில்ல வத்தும்டி."

"மூடி போட்டுருக்கு சார். எப்படி வத்தும்?"

வகுப்புக்குப் போ என்று அனுப்பிவிட்டேன். விரிசல் எங்கே என்று அவர்கள் தேட ஆரம்பித்தார்கள். தொட்டியைச் சுற்றி ஈரம் கண்ட மண்ணில் குச்சி நட்டு அடையாளம் வைத்தார்கள். அவர்கள் படித்ததிலேயே உண்மையான பாடம் அதுதான். நானோ திறப்புக்கு முந்தின நாள் சாயந்தரம், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, ஒரு லாரித் தண்ணீரை வரவழைத்துத் தொட்டியில் ஊற்றினேன். அந்தக் குச்சிகளை என் கையாலேயே பிடுங்கிப் போட்டேன்.

மறுநாள் கல்வி அதிகாரி வந்தார், அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள், பெற்றோரும் வந்திருந்தார்கள். அதிகாரி தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கம்போடு நின்ற அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"இவ்வளவு தண்ணி எப்படிம்மா சேத்தீங்க?"

"இது லாரியில வந்த தண்ணி சார். வாசல்ல லாரித் தடம் கெடக்கு. நேத்துக் காலையில அரைக் கம்பு கூட இல்ல. ராத்திரி மழையும் இல்ல. மழைத்தண்ணி கசிஞ்சு போயிட்டு. விரிசல் எங்கனன்னு தேடிக்கிட்டு இருக்கோம்."

அளந்ததை வைத்துப் பேசு, தோல்வியை மறைக்காதே என்று நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தாள். கூட்டம் என்னைப் பார்த்தது. நான் சிரித்தேன்.

"இந்தப் பிள்ளை எப்பவும் இப்படித்தான் சார். வாயைத் திறந்தா பொய்."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி அவள் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டு நகர்ந்தார். குழுவில் இருந்த மற்ற பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த நாள் அவளுடைய அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் கன்னம் வீங்கியிருந்தது.

"கோவிச்சுக்கிடாதிய சார். பெரிய மனுசங்க முன்னால உங்க மானத்த வாங்கிட்டா. நான் கண்டிச்சிட்டேன். ஏட்டி, சார் கிட்ட மன்னிப்பு கேளு."

அவள் கேட்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "சின்னப் பிள்ளைதானே, விடுங்க" என்றேன். மன்னிக்கிறவனைப் போலச் சொன்னேன். அவளுக்காக அவளுடைய அப்பா என்னைக் கும்பிட்டார்.

பள்ளியில் அவளுக்கு 'லாரி' என்று பேர் விழுந்துவிட்டது. "ஏட்டி லாரி, இன்னைக்கு மழை வருமாட்டி?" என்று பையன்கள் கேட்பது என் அறை வரைக்கும் கேட்கும். கண்டிக்கவில்லை. கண்டித்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அதன்பிறகு அவள் வகுப்பில் கை தூக்கவே இல்லை. பத்தாவதோடு நின்றுவிட்டாள். தொட்டி அந்தக் கோடையிலேயே வறண்டு குப்பைக் குழியானது.

ஓய்வு பெற்ற பிறகு, பருவநிலை பற்றிப் பிள்ளைகளோடு பேச வேண்டும் என்று இன்னொரு பள்ளியில் கூப்பிட்டார்கள். இந்தப் பகுதியிலேயே முதலில் மழைத் தொட்டி கட்டிய ஆசிரியர் என்று அறிமுகம் செய்தார்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள். எழுந்து நின்றபோது பெருமை வரவில்லை, அலுப்புதான் வந்தது. இந்தப் பொய்யை இன்னும் எத்தனை மேடைக்குச் சுமப்பது? நடந்ததை முழுக்கச் சொன்னேன். ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் பாதிப் பேருக்கு விரிசலைப் பற்றித்தான் கேள்வி. ஒரு மாணவி மட்டும், "அந்த அக்கா இப்ப எங்க இருக்காவ சார்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தேன். கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய் பட்டறையில் பொட்டலம் போடுகிறாள் என்று தெரிந்தது. போனேன். வாசலுக்கு வந்தவள் என்னைப் பார்த்ததும் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். சந்தில் நின்றபடியே, அன்று பொய் சொன்னது நான்தான் என்றேன். மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க பொய் சொன்னது எனக்குத் தெரியும்லா சார். எனக்குத் தெரிஞ்சத எனக்கே எதுக்குச் சொல்லுதிய?"

பட்டறைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"எங்க அப்பா கிட்ட சொல்லுங்க. கலியாணம் ஆகி ஒரு பிள்ளையும் பெத்தாச்சு. இன்னைக்கும் நான் ஒண்ணு சொன்னா, எங்க வீட்டுக்காரர் பக்கம் திரும்பி 'நெசந்தானா மாப்ள'ன்னு கேட்டுக்கிடுவாவ. அவரும் சிரிச்சுக்கிட்டே ஆமாம்பாரு. அத நிறுத்த முடியுமா உங்களால?"

உள்ளே இருந்து யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டாள். போகும்போது என் செல்போன் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அவளுடைய அப்பா நாகலாபுரம் பக்கம் ஒரு காட்டில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, மக்காச்சோளத் தட்டை அறுத்துப்போட்ட காட்டு வழியே நடந்தேன். என்னைக் கண்டதும் தலைத்துண்டை எடுத்துவிட்டு எழுந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். லாரி வந்தது, குச்சிகளைப் பிடுங்கியது, பிள்ளை சொன்னது அத்தனையும் நிஜம் என்பது.

விலகிப் போன ஒரு குட்டியைக் கம்பால் கிடைக்குள் தள்ளிவிட்டுத் திரும்பினார்.

"நான் அன்னைக்கு உங்களக் கும்பிட்டேன்லா?"

"ஆமாம்."

"நீங்க வாங்கிக்கிட்டிய."

"ஆமாம்."

"அந்தப் பிள்ளைய அடிச்சுத்தான் கூட்டிட்டு வந்தேன். கன்னத்தப் பாத்தியளா, இல்லையா?"

"பார்த்தேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. துண்டை மறுபடி தலையில் கட்டினார். "நீங்க கெளம்புங்க சார். பஸ்ஸு போயிரும்" என்றார். அடுத்த பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது. வெயிலில் சாலையோரம் உட்கார்ந்திருந்தேன். செய்த குற்றத்தில் பாதியைக் கொண்டுபோய் அந்த மனிதர் தலையில் இறக்கிவிட்டு வந்தது போல் இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து அவளே போன் செய்தாள்.

"அப்பா வீட்டுக்கு வந்தாவ. நீங்க வந்துட்டுப் போனதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. சாப்ட்டாவ. பிள்ளையப் பள்ளிக்கூடம் மாத்தப் போறோம்னு சொன்னேன். வழக்கம்போல எங்க வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாவ. வாயத் தொறந்தாவ, பெறவு மூடிக்கிட்டாவ. எந்தப் பள்ளிக்கூடம்னு என்கிட்டயே கேட்டாவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏதோ சொல்ல வந்தேன்.

"நீங்க அழுவாதிய சார். அதக் கேக்க எனக்கு நேரமில்ல" என்றாள். "இனி எங்க அப்பாவப் பாக்கப் போவாதிய. அவிய ராத்திரி ஒறங்குததில்லன்னு அம்மா சொல்லுதா."

சரிம்மா என்றேன். வைத்துவிட்டாள்.