சுரண்டிப் பூசின போட்

எப்பொக்சிப் பூச்சு இறுகிறதுக்குக் கலக்கிற ஹாடனர் டின்னைத் திறந்தால் கருவாட்டு மணம் வரும்... கருவாடு காயிற பேசாலைக் கரையில் அந்த மணத்தை ஆர் தனியாய்க் கண்டுபிடிக்கிறது?

அக்காவும் அத்தானும் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து வாங்கின முதல் போட் அது. பழைய பைபர் போட். கவிழ்த்துப் பார்த்தால் அடி முழுக்க அம்மை போட்ட மாதிரிக் கொப்புளம். உள்ளுக்குத் தண்ணி ஊறியிருந்தது.

கொப்புளங்களை உடைத்து, தேய்த்து, நல்லாய்க் காயவிட்டு, இனித் தண்ணி புகாமல் எப்பொக்சி பூசவேணும். எல்லாம் சீசன் தொடங்க முந்தி.

நான் அப்ப பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தனான். பூசுகிற சனிக்கிழமை உதவிக்குப் போனேன்.

அத்தான் பைபர் வேலை தெரிந்தவர். அந்த வேலையில் கெதியாய் இறுகவேணுமென்றால் இறுக்கிற மருந்தைக் கொஞ்சம் கூட விடுவார்கள். அதே கைப்பழக்கத்தில் இதற்கும் ஹாடனரைக் கூட்டி விட்டார்.

விடிய வந்து தொட்டால்... விரல் ஒட்டுது. அடுத்த நாளும் அப்படித்தான்.

பிள்ளைகளைச் சோடி சோடியாய்க் கைபிடித்து நிற்கச் சொன்னால், சோடி கிடைக்காத பிள்ளைகள் அங்குமிங்கும் ஓடித்திரியும். சோடி சேர எப்பொக்சி இல்லாமல் மிஞ்சின ஹாடனரும் அந்த மாதிரித்தான். எவ்வளவு வெயில் பட்டாலும் இறுகாது.

பக்கத்துப் போட்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், இந்த முறை ஈ பிடிக்கிற தொழிலோ?"

பிறகு அவரே இரங்கி, "மேலால பெயின்ற் அடிச்சிட்டு இறக்கு. சீசன் போகுது" என்றார்.

அத்தானுக்கும் அந்த யோசனை இருந்திருக்கும்.

அக்கா சேலையை இடுப்பில் செருகினா. "பெயின்ற் உரிஞ்சு திரும்பத் தண்ணி ஊறினால் உவரோ வந்து பாப்பார்? சுரண்டுவம்."

"எல்லாத்தையுமோ?" அத்தான் கேட்டார்.

"ஓம். எல்லாத்தையும்."

சுரண்டினோம். தகட்டால் வழித்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, திரும்பத் தேய்த்து... பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே கரைக்குப் போய்விடுவேன்.

மற்றப் போட்டுகள் ஒவ்வொன்றாய் இறங்கிப் போயின. எஞ்சின் சத்தம் கேட்டால் அத்தானின் கை நின்றுவிடும். அக்கா தலை நிமிரவே இல்லை.

ஒருநாள் பின்னேரம் அந்தப் பக்கத்துப் போட்காரரும் தன் தகட்டோடு வந்து, "கொஞ்சம் தள்ளுங்கோ" என்று குந்தினார்.

அடுத்தமுறை அத்தான் கோப்பையில் அளந்து அளந்துதான் ஊற்றினார். விடிய நகத்தால் அழுத்திப் பார்த்தோம். நகம் வழுக்கியது.

போட் பிந்தித்தான் இறங்கியது. ஆனால் சீசன் முடிந்து கவிழ்த்தபோது அடியில் ஒரு கொப்புளமும் இல்லை. அக்கா கையால் தடவித் தடவிப் பார்த்தா.

பிறகும் பூசுகிற நேரமெல்லாம் நான் உதவிக்குப் போவேன். இப்ப அத்தான் தனி ஆளாய்ப் பூசி முடித்துவிடுகிறார். போன முறை போட்டை இறக்கின பிறகுதான் எனக்கு அத்தானின் போன் வந்தது.

"பென்சன் எடுத்த மாஸ்ரருக்கு ஏன் கரைச்சல் குடுப்பான் எண்டுதான்..."

சரிதான். ஆனாலும் கொஞ்சம் கோபம் வந்தது.

அந்த வேலைக்குப் போட்டுக்கொள்ளவென்று ஒரு பழைய சேட் எடுத்து வைத்திருந்தனான்...