ஆர்விட் காங்கஸின் பாம்பு

ஆர்விட் காங்கஸ் முதன்முதலாக என் வளர்ப்புப் பிராணிக் கடைக்கு வந்த அன்று டுலூத் நகரில் ஏரியோரம் உறையத் தொடங்கியிருந்தது. குளிர்கோட்டின் பொத்தான்களைக் கழற்றி, நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த தலையணை உறை ஒன்றை மெதுவாக வெளியே எடுத்தார். உள்ளே பென்சில் கனத்தில், வீட்டில் வளர்க்கும் விஷமில்லாத சோளப்பாம்புக் குட்டி ஒன்று.

“வாயையே திறக்க மாட்டேங்குதும்மா. செத்துடுமா?”

பெயரைச் சொன்னார்; நான் ரோண்டா என்றேன். துறைமுகத்தில் கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றி ஓய்வுபெற்றவர். மனைவி இறந்துவிட்டார். மகள் டைரா அரிசோனாவுக்கு வேலைக்குப் போனபோது, ஆசைப்பட்டு வாங்கிய குட்டியை அப்பாவிடம் விட்டுப் போனாள். வீடு கிடைத்ததும் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். வீடு கிடைத்தது. அங்கே பிராணிகள் வளர்க்கக் கூடாதாம்.

“அடிக்கடி கையில எடுக்கறீங்களா?” என்று கேட்டேன்.

“ஆமா. கையில வச்சுப் பேசிக்கிட்டு இருப்பேன்.”

“பாம்புக்கு ஏது காது, ஆர்விட்?”

“என் பொண்ணுக்கு ரெண்டு காது இருக்கு ரோண்டா. என்ன பிரயோஜனம்?”

குட்டியைத் தடவிப் பார்த்தேன். முதுகெலும்பு கூரை முகடு போல மேலே துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சரிந்து தோல் தொளதொளத்தது. பட்டினிதான். ஒரு வாரம் தொடவே கூடாது, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி வைக்க வேண்டும், உறைந்த எலிக்குஞ்சை வெந்நீரில் போட்டு வெதுவெதுப்பாக்கி இடுக்கியால் நீட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். எலிக்குஞ்சு பாம்பின் உடம்பைவிடப் பருமனாக இருக்கக் கூடாது என்பதையும் சொன்னேன்.

அடுத்த வாரம் போன் வந்தது. “பிடுங்கிக்கிச்சு ரோண்டா! என் கையிலிருந்து பிடுங்கிக்கிச்சு!”

அந்தக் குளிர்காலம் முழுக்க ஆர்விட் எலி வாங்க வந்துகொண்டே இருந்தார். வந்தால் லேசில் போக மாட்டார். மீன்தொட்டிகளைப் பார்ப்பார், பனிவாரும் வண்டிக்காரனைத் திட்டுவார். ஒரு பாம்புக்கு இத்தனை எலியா, இன்னொன்றும் வாங்கிவிட்டார் போல என்றுதான் நினைத்தேன்.

பனி கரைந்ததும் பாம்பைக் கொண்டுவந்தார். வளைந்தால் மடிப்பு விழுந்தது. செதில்கள் விலகி நடுவே வெள்ளைத் தோல் தெரிந்தது. வால் தொடங்கும் இடம் உப்பியிருந்தது.

“என்ன ஆர்விட், பாம்பு வளர்க்கறீங்களா, பன்னி வளர்க்கறீங்களா?”

“நல்லா சாப்பிடுதேன்னு குடுத்தேன்.”

“பாம்பு குடுத்தா சாப்பிட்டுக்கிட்டேதான் இருக்கும். இப்படிப் போனா ஈரல் கெட்டுடும்.”

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “என் கையிலிருந்து எதையாவது வாங்கிக்கற ஒரே உசுரு இதுதாம்மா.”

நான் பாம்பைத் தராசில் வைத்தேன். எடையை மட்டும் நம்ப வேண்டாம், உடம்பு பன் ரொட்டி மாதிரி மேலே உருண்டு, அடியில் தட்டையாக, தொட்டால் கெட்டியாக இருக்க வேண்டும் என்று விளக்கினேன். இனி சின்ன எலிதான், அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றேன்.

“சரி. நடுவுல நான் என்ன பண்றது?”

சின்ன எலிப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

சொன்னபடி செய்தார். வரவும் குறைந்துபோனது. கடையில் கூட்டமில்லாத மத்தியானங்களில் நானும் மீன்தொட்டிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் அவர் எலி வாங்கிக்கொண்டு கிளம்பும்போது சொன்னேன்: “எலி வேணாம்னாலும் வாங்க ஆர்விட், காபி போடறேன்.”

“எதுவும் வாங்காம வந்து நிக்கறதா? அசிங்கம்மா” என்று சிரித்தார். அப்படி வரவில்லை.

கோடை முடிவதற்குள் பாம்பு இளைத்துச் சரியானது. தடவினால் கெட்டியாக, வழவழவென்று இருந்தது. ஒருநாள் அது கிழியாமல் முழுதாகத் தோல் உரித்தது. ஆர்விட் அதை அட்டைக் குழாயில் சுருட்டி வைத்து அரிசோனாவுக்கு அனுப்பினார்.

டைரா போன் செய்தாளாம். அடுத்த முறை எலி வாங்க வந்தபோது சொன்னார்.

“‘என்னப்பா இது, இந்த நாத்தம் நாறுது’ன்னா. அப்புறம், ‘அங்க எல்லாம் நல்லா இருக்கா?’ன்னு கேட்டா.”

“பாம்பையா, உங்களையா?”

“அது தெரியல. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்னு சொல்லிட்டேன்.”

எலிப் பொட்டலத்தைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போனார்.