என் உலகின் மூன்றாம் நெறி

எவரிடமும் கற்காமல் நான் படைத்த கற்பனை உலகை, இந்த வலைப்பூவைப் படிக்கும் நீங்கள் அறிவீர்கள். நண்பர்கள் பகடை உருட்டி, அதன் வீரர்களாகப் பேசி ஆடுகிறார்கள்; மற்ற பாத்திரங்களாக நான் பேசுவேன். அவ்வுலகுக்கு மூன்று நெறிகள் உண்டு. மந்திரம் விலையின்றி வாராது. இறந்தவர் மீளார். பிறர் செயலைத் தன்னுடையது என்பவனை உலகமே மறந்துவிடும்.

இன்று காலை செஞ்சி பேருந்து நிலையத்து ஜூஸ் கடையில், எங்களோடு ஆடும் தினேஷ் தன் கல்லூரித் தோழர்களிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தான்.

"அந்த வேர்ல்டு ஃபுல்லா நான் கிரியேட் பண்ணதுடா. ஒரு அக்கா டைப் அடிச்சிக் குடுக்கும்."

அந்த அக்காவாகிய நான் பின்னால்தான் நின்றிருந்தேன். ஜூஸை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

மாலை ஆட்டத்தில் அவனுடைய மாவீரன் கோட்டை வாயிலை அடைந்தான். நான் காவலனாகப் பேசினேன்.

"யார்பா நீ? உன்ன பாத்ததே இல்லியே."

"இன்னாக்கா இது! இந்தக் கோட்டைய புடிச்சதே நான்தானே?"

"ஊரில் எவருக்கும் நினைவில்லை, தம்பி. மூன்றாம் நெறி."

அவன் முகம் சுண்டிப்போனது. மற்றவர்கள் காரணம் கேட்டார்கள். அவனையே சொல்லச் சொன்னேன். சொன்னான்.

இப்போது வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டு அவனுடைய செய்திகள் வந்தவண்ணம் உள்ளன. மன்னிப்பதற்கு என் உலகில் இதுவரை நெறி ஏதுமில்லை. ஒன்று இயற்றலாமா? உங்கள் கருத்துகளை எழுதுங்கள். எனக்கு அவசரமில்லை.