அதே பாட்டு, வேறு சட்டை

இடிக்கு அறுபத்து மூன்று வயது. பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் முதல் மேடை, முதல் பாட்டு, முதல் வரி. ஸ்பீக்கர் வெடித்துப் புகை கிளம்பியது. அதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நம்பிய கூட்டம் எழுந்து நின்று கைதட்டி, வைத்த பெயர்தான் இடி. அன்றைக்குக் கிடைத்தது போல ஒரு கைதட்டல் அதற்கப்புறம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. அதை யாரும் அவரிடம் சொல்வதில்லை, அவருக்கே தெரியும்.

வயிற்றுப்பாட்டுக்கு வாஷிங் மெஷின் ரிப்பேர். மனசுக்கு ராக் இசை. மூன்று பேர் கொண்ட பேண்ட், நாற்பது வருஷத்தில் ஆறு ஆல்பம். இடி கிதார் வாசித்துப் பாடுவார். டிரம்ஸ் அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. பேஸ் கிதார் அவருடைய கல்லூரித் தோழர், பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டரின் கிளினிக்தான் ஒத்திகைக்கூடம். டாக்டருக்கு இடுப்பு வலி. நோயாளிகள் படுக்கும் நாற்காலியில் மல்லாந்து படுத்துக்கொண்டுதான் பேஸ் வாசிப்பார். தன்னுடைய முறை வரும்போது மட்டும் காலால் பெடலை அழுத்தி நாற்காலியோடு மெல்ல மேலே எழுவார். மேடையில் இதைச் செய்ய முடியாதது அவருக்குப் பெரிய குறை. தெருவில் போகிறவர்கள் உள்ளே கேட்கிற அலறலுக்கு வேறு காரணம் கற்பித்துக்கொண்டு வேகமாக நடந்துவிடுவார்கள்.

பாட்டு நல்ல பாட்டா என்று முடிவு செய்கிற அதிகாரம் இந்த மூன்று பேருக்கும் கிடையாது. அது இடியின் மனைவிக்கு. அஞ்சலகத்தில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை அவருக்கு. சனிக்கிழமை காலையில் அடுத்த வாரத்துச் சீருடைகளை வரிசையாக இஸ்திரி போடுவார். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இடி புதுப் பாட்டை வாசிப்பார். அந்த அம்மா நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். இஸ்திரிப் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தால் பாட்டு சுமார். பெட்டி நின்றால் பாட்டு தேறியது. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் மூன்று தடவை பெட்டி நின்ற இடத்திலேயே நின்று சட்டையே கருகியிருக்கிறது. அந்த மூன்று பாட்டைத்தான் இன்றும் யாராவது கேட்டு வாங்குவார்கள். கருகிய மூன்று சட்டைகளையும் அவர் மடித்து அலமாரியில் வைத்திருக்கிறார். ரிப்பேர் வேலைக்குத் துடைக்கத் துணி வேண்டும் என்று இடி ஒருமுறை கை வைத்து, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆறாவது ஆல்பம் வெளிவந்தது பதினொரு வருஷத்துக்கு முன்னால். பத்திரிகையில் விமர்சகர் ஒருவர் எழுதினார்: "அதே பாட்டு, வேறு சட்டை." இடி அதற்கு மேல் படிக்கவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் கத்தரித்து, கருவிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டினார். மீதிப் பத்திரிகையில் ஒரு மெஷினின் அழுக்கு மோட்டாரை வைத்துக் கழற்றினார். அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் அந்த வரி, அப்புறம்தான் ஸ்குரூ டிரைவர். வலிக்கிற பல்லை நாக்கால் தடவிக்கொண்டே இருப்பது போல என்பார் டாக்டர். அவருக்கு எல்லாமே பல்தான்.

இந்த வருஷம் இடது கை மோதிர விரல் மக்கர் செய்ய ஆரம்பித்தது. மூட்டு தேய்ந்துவிட்டது, இன்னும் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ வாசிக்கலாம், அதற்கு மேல் சொல்வதற்கில்லை என்று எலும்பு டாக்டர் கையை விரித்துவிட்டார். இடிக்குத் தூக்கம் போயிற்று. ஒரே பாட்டை நாற்பது வருஷம் பாடினவன் என்ற பெயரோடு கிதாரை மூட்டை கட்டுவதா? ஏழாவதாக ஒரு ஆல்பம், அதில் எல்லாமே புதுசு, அதில் ஒரு பாட்டுக்காவது இஸ்திரிப் பெட்டி நிற்க வேண்டும். விரல் மடங்காமல் போவதற்குள் அது நடந்தாக வேண்டும் என்று கிளினிக்கில் அறிவித்தார்.

அறிவித்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சட்டம் போட்டார். ஆறு ஆல்பத்திலும் வந்த எதுவும் ஏழாவதில் வரக்கூடாது. கிதாரில் விரல்களைச் சேர்த்து வைக்கும் இடத்தை இவர்கள் பிடி என்பார்கள். ஏற்கெனவே வந்த பிடிகளை எல்லாம் டாக்டர் ஒரு நோயாளியின் அட்டைக்குப் பின்னால் எழுதி, எழுதியதைச் சிவப்பு மையில் அடித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது வாரம் அட்டையைப் பார்த்தால் அடிக்காத பிடியே இல்லை. இடிக்குத் தெரிந்ததே மொத்தம் பதினொரு பிடி. பதினொன்றும் முதல் ஆல்பத்திலேயே செலவாகிவிட்டிருந்தன. மற்ற ஐந்து ஆல்பமும் எதை வைத்து ஓடின என்று மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மச்சினன் கதை இன்னும் பரிதாபம். ஒவ்வொரு வரி முடிவிலும் டுக்குடுக்கு டம் என்று ஒரு தட்டு தட்டுவான். அது அவனுடைய கையெழுத்து. இனிமேல் அது கூடாது என்றதும் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, அது இல்லன்னா நான் எதுக்கு வரணும்? வீட்லயே உக்காந்திருப்பேனே."

வேறு ஏதாவது தட்டேன் என்றார் இடி. வேறு எதுவும் இருந்தால் இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது தட்டியிருக்க மாட்டேனா என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. டாக்டர் நாற்காலியோடு கீழே இறங்கிப் போனார்.

ஆனாலும் விடவில்லை. ஏழரைத் தாளத்தில் ஒரு பாட்டு செய்தார்கள். மூவரும் மூன்று வெவ்வேறு சமயத்தில் அதை முடித்தார்கள். கிதாரே இல்லாமல், வாஷிங் மெஷின் துணி பிழியும் சத்தத்தை வைத்து ஒரு பாட்டு. நடுவில் நாலு நிமிஷம் யாருமே வாசிக்காத ஒரு பாட்டு. அதில் மட்டும் மச்சினன் தப்பே செய்யவில்லை. எல்லாவற்றையும் இடி சனிக்கிழமைதோறும் ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். இஸ்திரிப் பெட்டி நிற்கவில்லை. ஏழரைத் தாளத்துக்கு அது வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. நாலு நிமிஷ மௌனத்தில் அந்த அம்மா இரண்டு தலையணை உறைகளை முடித்துவிட்டு, பாட்டு முடிஞ்சிருச்சாங்க என்று கேட்டார். இடிக்கு அழுகை வராத குறை.

அந்த நிலைமையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூன்றாம் மாடி வீடொன்றுக்கு வேலைக்குப் போனார். கதவைத் திறந்த பெரியவருக்கு எண்பது இருக்கும். துணி பிழியும்போது மெஷின் நடக்கிறது என்பது புகார். குளியலறையில் கிளம்பிக் கூடம் வரைக்கும் வருகிறதாம். வயர் விறைத்து பிளக் பிடுங்கிக்கொண்டதும் நின்றுவிடுகிறதாம். இந்த வீட்டில் தினமும் நடைப்பயிற்சி செய்கிற ஒரே ஆள் அதுதான் என்றார் பெரியவர். இடி மெஷினைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் இருக்கும் நாலு கால்களில் ஒன்று தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஸ்பேனர் எடுக்கக் கருவிப் பெட்டியைத் திறந்தார்.

பெரியவர் குனிந்து மூடியைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது நான் எழுதின வரி. யாரைப் பத்தி எழுதினது?"

இடியின் கையில் ஸ்பேனர் இருந்தது. இந்த மனிதரை நேரில் பார்த்தால் என்ன பேசுவது என்று பதினொரு வருஷமாக அவர் ஒத்திகை பார்த்திருக்கிறார். பேண்டுக்குக்கூட அவ்வளவு ஒத்திகை பார்த்ததில்லை.

"என்னைப் பத்திதான் சார்" என்றார். "மெஷினோட ஒரு கால் தளர்ந்திருக்கு, அதையும் பாத்துட்டேன்."

பெரியவர் கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. எந்த பேண்டு என்று மட்டும் கேட்டார். பெயரைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு தடித்த கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து மெஷின்மேலேயே வைத்துப் பிரித்தார். வாழ்நாள் முழுக்க எழுதிய விமர்சனங்கள். பக்கத்துக்குப் பக்கம் இடி பார்த்தார்: "அதே பாட்டு, வேறு சட்டை." எண்ணிக்கொண்டே வந்தார், பத்தொன்பது பேண்டுகளுக்கு அதே வரி. ஒரு கமாகூட இடம் மாறவில்லை.

"என்ன சார் இது, எல்லாருக்கும் ஒரே வரியா?"

"நல்ல வரி தம்பி. எதுக்கு விடணும்? அடுத்த வரிதான் ஆளுக்கு ஆள் மாறும்."

அடுத்த வரி என்று ஒன்று இருக்கிற விஷயம் இடிக்கு அப்போதுதான் தெரியும். பெரியவர் விரலை வைத்துத் தேடினார். ஒரு பேண்டுக்கு, அந்தப் பாட்டும் இவர்களுடையது இல்லை என்று எழுதியிருந்தார். இன்னொன்றுக்கு, சட்டையும் கிழிசல். ஆறாவது ஆல்பத்தின் பக்கம் வந்தது. "அதே பாட்டு, வேறு சட்டை. பாட்டு நல்ல பாட்டு, இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். அந்தச் சட்டையைத்தான் காணச் சகிக்கவில்லை."

இடிக்கு அந்த அட்டைப்படம் ஞாபகம் வந்தது. மூவரும் பளபளக்கும் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கேயோ தூரத்தில் பார்த்தபடி நின்றார்கள். அந்தச் சட்டையைத் தேர்ந்தெடுத்தது டாக்டர். பதினொரு வருஷ வலியும் டாக்டரின் துணித் தேர்வுக்குச் சேர வேண்டியது என்று நினைத்தபோது, அவரை நாற்காலியோடு மேலே ஏற்றி அங்கேயே விட்டுவிட வேண்டும் போலிருந்தது. அழுக்கு மோட்டாருக்கு அடியில் போன மீதிப் பத்திரிகையும் ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

"இப்ப ஏழாவது பண்ணிட்டிருக்கோம் சார். எல்லாமே புதுசா."

"ஐயையோ" என்றார் பெரியவர், மனப்பூர்வமாக.

அவருக்கு மெஷின் ஓட வேண்டும், துணி ஊறிக் கிடந்தது. இடி தளர்ந்த காலை முடுக்கி, மட்டம் பார்த்து, பிழிய விட்டார். மெஷின் நின்ற இடத்தில் நின்று உறுமியது. பெரியவருக்கு ஒரு பக்கம் வருத்தம். கூடத்துக்கு இனிமேல் யாருமே வர மாட்டார்கள் என்றார்.

ஏழாவது ஆல்பத்தின் அட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுப்பதாக ஏற்பாடு. மூவருக்கும் வெள்ளைச் சட்டை. இந்தத் தடவை தேர்ந்தெடுத்தது இடியின் மனைவி. சனிக்கிழமை காலை அவர் அதை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இடி எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். புதுசாக வாசிக்க ஒன்றும் இல்லை. விரல் போன போக்கில் விட்டார். விரல் நேராக முதல் ஆல்பத்துக்குப் போயிற்று, முதல் சட்டை கருகிய பாட்டுக்கு. அதே பிடி, அதே தாளம். மோதிர விரல் மட்டும் போக வேண்டிய இடத்துக்கு எட்டாமல் கிதார் கழுத்தில் ஒரு கட்டை முன்னாலேயே நின்றுவிட்டது. சொல்ல வந்ததை ஒருவர் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. தப்புதான். அவர் திருத்தவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தப்பு அதே இடத்தில் வர, அது வருவதற்காக அவரே காத்திருக்க ஆரம்பித்தார். மேலே வாய்க்கு வந்ததைப் பாடினார். குளியலறையில் கிளம்பிய ஒரு மெஷின் ஊரைப் பார்க்கப் போகிறது. எவ்வளவு நடந்தாலும் வயர் விடுகிற தூரம்தான் அதன் ஊர். ஆனாலும் தினமும் கிளம்புகிறது.

பாடி முடிக்கும்போது ஏதோ நெடி வந்தது. நிமிர்ந்து பார்த்தார். மனைவியின் கை பெட்டிமேலேயே இருந்தது, பெட்டி நின்ற இடத்தில் நின்றது, வெள்ளைச் சட்டையிலிருந்து மெல்லியதாகப் புகை எழும்பியது. கண் முழுக்கத் தண்ணீர் அவருக்கு. புகையால் என்று நினைத்துக்கொள்ள இடி தயாராக இருந்தார்.

"இது பழைய பாட்டுதானே" என்றார் மனைவி.

"ஆமா."

"இன்னொரு தடவை வாசிங்க."

இடி வாசித்தார். மூன்று தடவை வாசித்தார். சட்டையின் நெஞ்சில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு பழுப்பு நிறத்தில் அப்படியே பதிந்திருந்தது. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டுதான் போட்டோவுக்கு நின்றார். நோயாளியின் அட்டையில் பிடிகள்மேல் போட்ட சிவப்புக் கோடுகளை டாக்டர் ரத்து செய்தார். அந்த அட்டைக்குச் சொந்தக்கார நோயாளி ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாராம். மச்சினனுக்கு டுக்குடுக்கு டம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஒரு மாதம் பட்டினி கிடந்தவன் போல அவன் அதை வரி முடிவில் மட்டும் இல்லாமல் நடுவிலும் தட்டினான். அந்த நாலு நிமிஷ மௌனத்தையும், அவன் கெஞ்சியதற்காக, ஆல்பத்தின் கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆல்பம் வந்து பத்து நாள் கழித்து மூன்றாம் மாடிப் பெரியவர் போன் செய்தார். மெஷின் மறுபடியும் நடக்கிறதா என்று இடி கேட்டார். இல்லை, அது ஒழுங்காக இருக்கிறது, ஆல்பத்தைக் கேட்டேன் என்றார் பெரியவர். பத்திரிகையில் எழுதுவதை அவர் நிறுத்தி ஆறு வருஷம் ஆயிற்று. அதனால் போனிலேயே சொன்னார்.

"அதே பாட்டு. சட்டை பிரமாதம்."

இடி போனை வைத்துவிட்டு இஸ்திரி மேஜைப் பக்கம் போய், பெரியவர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். மனைவி காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

"சட்டை யார் பண்ணதுன்னு சொன்னீங்களா?"