ஒரு கொறையும் இல்லீங்க

கம்மாபுரத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஒரு பெண்மணியை ஆய்வுக்காகச் சந்தித்தேன். அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருக்கும் அவருடைய மகன், நைட் ஷிப்ட் முடித்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர், நிலத்தைப் பற்றிக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு கொறையும் இல்லீங்க.”

நான் சுரங்க ஊழியர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவரை எழுப்பாமல் பேசும் குரல் எனக்குத் தெரியும். இது அதுவல்ல. மகனின் வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று பயப்படுகிறார் என எழுதினேன்.

வழிகாட்டிப் பேராசிரியர் அந்தப் பத்தியையே அடித்துவிட்டார். “உள்ளுணர்வெல்லாம் ஆய்வு முறை ஆகாதும்மா. அவங்க திருப்தியா இருக்காங்கன்னு எழுது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “குறையில்லைன்னு சொன்னா திருப்தின்னு எப்படி சார் தெரியும்?”

“இத்தனை வருஷ அனுபவத்துல பார்த்தாலே தெரிஞ்சிடும்.”

அவர் அந்தப் பெண்மணியைப் பார்த்ததே இல்லை.