ஒரே ஞாயிற்றில் மூன்று ஓலை

நாள்காட்டித் தாளைக் கிழிப்பது எங்கள் வீட்டில் என் வேலை. வேறு யார் கிழித்தாலும் ஓரத்தில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். அன்று முழுக்க அது என் கண்ணை உறுத்தும். என் மகள் இதை ஒரு வியாதி என்கிறாள். இருக்கலாம். இன்று காலை நேற்றைய தாளை ஒழுங்காகக் கிழித்து எடுத்ததும், புதுத் தாளின் அடியில் 'வரலாற்றில் இன்று' என்ற தலைப்பில் பொடி எழுத்தில் ஒரு வரி தெரிந்தது. 1979, ஜூலை 11: ஸ்கைலாப் விண்வெளி நிலையம் பூமியில் விழுந்து நொறுங்கியது.

பிழை இல்லாத வரி. ஆண்டு சரி, மாதம் சரி, தேதியும் சரி. கிழமையைப் போடவில்லை. புதன்கிழமை.

இந்த வரிகளை நான் விடாமல் படிப்பவள். ஏப்ரல் 12 மனிதன் முதன்முதலாக விண்வெளிக்குப் போன நாள், ஜூலை 20 நிலவில் கால் வைத்த நாள், டிசம்பர் 17 முதல் விமானம் பறந்த நாள் என்று பெரும்பாலும் மேலே போன நாட்களாகவே இருக்கும். ஏப்ரல் 19 வரும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரும். எழுபத்தைந்தில் அந்தத் தேதியில்தான் நம் நாட்டின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா மேலே போனது. மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய எங்கள் குடியிருப்பில், அடுத்த வீட்டு பிலோமினாவுக்கு அதை நான்தான் விளக்கினேன். பள்ளிக்கூடத்தில் அவள் எனக்கு இரண்டு வகுப்பு கீழே.

"மேல போயி இன்னா பண்ணும்?"

"பூமிய சுத்தும்."

"அப்பறம்?"

"அப்பறமும் சுத்தும்."

"எங்கப்பா பாத்திய சுத்தற மாதிரின்னு சொல்லு."

அவள் அப்பா சவரிமுத்து உப்பளத்தில் கூலிக்கு வேலை செய்தார். விடிவதற்கு முன் போய், தண்ணீர் கட்டியிருக்கும் பாத்திகளைச் சுற்றிச் சுற்றி வந்து பலகையால் உப்பை வாரி வரப்பில் ஏற்றுவார். உப்புத் தண்ணீர் ஊறி ஊறி அவர் பாதங்கள் வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் அவர் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். மெழுகு வாசனை வந்தால் எனக்கு முதலில் கோயில் நினைவுக்கு வராது, அவர் கால்தான் வரும்.

இன்னொரு வாசனை கோழிக் குழம்பு. ஸ்கைலாப் விழப்போகிறது என்று பேச்சு முற்றிய அந்த வாரம் எங்கள் ஊரில் எந்த வீட்டு வழியாகப் போனாலும் அந்த வாசனைதான். சாகப்போகிறோம், கோழியை யாருக்கு விட்டுவிட்டுப் போவது என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருந்தது. எங்கள் அம்மா மூன்று கோழிகளையும் அறுத்தார். மரண பயத்தில் இருந்த நான் ஒரு கோழியின் இரண்டு கால்களையும் நானே தின்றேன். அடுத்த வாரம் ஊரை எழுப்ப ஒரு சேவல் கூட இல்லை.

செய்தி முழுவதும் ரேடியோவில் வந்ததுதான். கூனிமேட்டிலிருந்து வந்து டீக்கடை வைத்திருந்த பாயின் கடையில் அந்த ரேடியோ இருந்தது. எழுபது டன்னுக்கு மேல் எடை, துண்டு துண்டாக விழும், எங்கே என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

"பாய், இன்னாதான் சொல்றான்?"

"கடல்ல விழலாமாம், தரையிலயும் விழலாமாம். இத சொல்றதுக்கு ரேடியோ எதுக்குப்பா? நானே சொல்லிடுவேனே."

சிரித்தார்கள். சவரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. மேலேயிருந்து பார்த்தால் காடும் கழனியும் ஒரே மங்கலாகத் தெரியும். நம்முடைய பாத்தியும் உப்புக் குவியலும்தான் கண்ணாடி மாதிரி பளபளக்கும். விழுகிற பொருள் பளபளப்பைப் பார்த்துத்தான் இறங்கும். நாள் முழுக்க அந்த வெள்ளையில் கண் கூசி நின்றவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. கேட்ட நாங்களும் மறுத்துப் பேசவில்லை. பெருமுக்கல் மலைப் பக்கம் உறவுக்காரர்கள் இருந்தவர்கள் சட்டிப் பானையைக் கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டார்கள்.

சவரிமுத்துவுக்குப் போக இடமில்லை. பிலோமினா பிறந்த கொஞ்ச நாளில் அவர் மனைவி இறந்துவிட்டார். மூத்த மகள் ஸ்டெல்லா, மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரத்தில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். கல்யாணத்துக்கு எடுத்து வைத்த புடவையைச் சுற்றித்தான் அவளைப் புதைத்தார்கள். குழிக்குள் இறங்கி மகளை வாங்கிக் கிடத்தியது சவரிமுத்துதான். மேலே ஏறி வரமாட்டேன் என்று அடம்பிடித்தவரை நான்கு பேர் தூக்கினார்கள். இரண்டாவது மகளும் கல்யாணம் ஆகாமல் அப்படிப் போய்விடக் கூடாது என்ற ஒரே எண்ணம் ஸ்கைலாப் வாரத்தில் அவரைப் பிடித்துக்கொண்டது.

பிலோமினாவுக்கோ வேறு எண்ணம். பத்தாவது முடித்துவிட்டு அளத்தில் உப்புக் கூடை சுமந்துகொண்டிருந்தாள். கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு மருத்துவமனையில் நர்ஸ் படிப்புக்கு அவளை எடுத்திருந்தார்கள். ஆகஸ்டில் சேர வேண்டும். கல்யாணம் ஆனவர்களைச் சேர்க்க மாட்டார்கள்.

அவர்கள் சண்டை எங்கள் வீட்டுக்குத் தெளிவாகக் கேட்டது. நடுவில் ஒரு கீற்றுத் தடுப்புதான்.

"விழுந்தா செத்துட்டுப் போறேன். விழலைன்னா நர்ஸா போறேன். நடுவுல கல்யாணம் எதுக்குப்பா?"

"உங்க அக்காவும் இப்டித்தான் பேசினா."

"அக்காவுக்கு காமாலைப்பா. எனக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதப்பவே பண்ணிடணும்."

மாப்பிள்ளை தேடவும் நேரமில்லை. அளத்தில் லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த சின்னப்பன் கண்ணில் பட்டான். செய்யூர்ப் பக்கத்து ஆள், இரண்டு பருவமாக இங்கேயே கொட்டகையில் தங்கியிருந்தான். கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு கிடந்தது, பூசைக்குத் தவறாமல் வந்தான். கேட்டதற்குக் கல்யாணம் ஆகவில்லை என்றான். சவரிமுத்துவுக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிப்பார்கள். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் சொல்லி, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று முடிப்பார்கள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், இரண்டு பேருடைய கோயிலிலும். சவரிமுத்து சாமியாரைப் பார்க்கப் போனபோது நான் அங்கே இருந்தேன். பங்குப் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். ஏதோ சாவி கொடுக்கப் போயிருந்தேன்.

"மூணு வாரம்னு வெச்சிருக்கறது சும்மா சடங்கு இல்ல சவரிமுத்து," என்றார் சாமியார். "யாருக்காவது ஏதாவது தெரிஞ்சா வந்து சொல்லணும்ல? பையனோட ஊர்லயும் வாசிக்கணும்."

"மூணு வாரத்துக்கு எங்க சாமி போவேன்? புதன், வியாழன்ல விழுதுன்றாங்களே."

"நம்ம மேல விழாதுப்பா."

"அத கோயில்ல நின்னு எல்லாருக்கும் சொல்லுங்க சாமி. விழாதுன்னு சொல்லுங்க. நான் கம்முனு போயிடறேன்."

வெளியே பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற வரிசை கோயிலைச் சுற்றி வளைந்து சாமியார் பங்களா வாசல் வரை வந்திருந்தது. அதில் பத்து வருடமாகக் கோயில் பக்கம் தலைகாட்டாத ஆட்களும் நின்றார்கள். சாமியார் அந்த வரிசையை எட்டிப் பார்த்தார். பிறகு ஆயருக்கு ஆள் அனுப்பி, மூன்று ஓலையையும் எங்கள் கோயிலிலேயே ஒரே ஞாயிற்றில் வாசிக்க அனுமதி வாங்கினார்.

ஜூலை எட்டாம் தேதி ஞாயிறு. சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார் எழுந்து முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார். பிலோமினா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் காதில் சொன்னாள்:

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். ஏலம் முடிஞ்சிடுச்சிடி."

மறுநாள் திங்கட்கிழமை காலைப் பூசையில் தாலி கட்டியாயிற்று, சின்னப்பன் கொட்டகையை விட்டு அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். விருந்து என்று ஒன்றும் இல்லை. ஊரில் அறுக்கக் கோழியும் இல்லை.

வியாழக்கிழமை காலை பாய் கடையில் கூட்டம். விழுந்துவிட்டது. இந்துமாக்கடலிலும் ஆஸ்திரேலியாவின் ஆள் இல்லாத பகுதியிலும் விழுந்ததாம். ஒருவருக்கும் காயமில்லை.

"ஏம்பா, அங்கயும் உப்பளம் இருக்குதா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சவரிமுத்துவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "மிச்சம் மீதி மேல ஒண்ணும் இல்லியே பாய்?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார். அவள் வாசலில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னேன்ல?" என்றாள். அவ்வளவுதான்.

என் ஒழுங்குப் புத்திக்கு இன்னொரு தேதியையும் இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. அடுத்த மாதம் பத்தாம் தேதி நம் நாட்டு ராக்கெட் ஒன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, வழி தவறி வங்கக் கடலில் விழுந்தது. எங்கள் கடல். வெகு தூரத்தில்தான் என்றாலும் எங்கள் கடல்தான். எங்கள் ஊரில் அன்று ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பயப்பட்டு முடித்திருந்தோம்.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகப் போவார்கள். காவி உடுத்தி, கொடி பிடித்து, பாடிக்கொண்டு வருவார்கள். வீட்டுக்கு வீடு தண்ணீர் கொடுப்போம். அந்த வருடம் செய்யூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி சவரிமுத்து வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டாள். பிலோமினாவுக்கு அப்போதுதான் வாந்தி தொடங்கியிருந்தது. வெளிறிப் போய், சொம்போடு வெளியே வந்தாள். நான் எங்கள் வாசலில் குடத்தோடு நின்றிருந்தேன்.

அந்த நேரத்தில் சின்னப்பன் வேலை முடிந்து, மேலெல்லாம் உப்புப் பூத்துப்போய், தெருமுனையில் திரும்பினான். இவர்களைப் பார்த்தான். நின்றான். அப்படியே வந்த வழியே திரும்பி நடந்தான். ஓடக்கூட இல்லை. அதற்குப் பிறகு அவனை எங்கள் ஊரில் யாரும் பார்க்கவில்லை.

அந்தப் பெண் சொம்பை வாயில் வைத்தவள் வைத்தபடியே கேட்டாள்:

"போறாரே, அவரு யாரு?"

"எங்க வூட்டுக்காரரு."

"எத்தினி நாளா?"

பிலோமினா வழக்கம்போல, ஊரே அப்போது எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொண்டிருந்த கணக்கைச் சொன்னாள்.

"ஸ்கைலாப்லேர்ந்து."

அந்தப் பெண் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு மூணு வருசமா," என்றாள். "எங்க கோயில்லதான் தாலி கட்டினாரு. காணோம்னு மாதாவுக்கு நேந்துகிட்டு நடக்கறேன்." பிறகு இடுப்புக் குழந்தைக்கு மீதித் தண்ணீரைப் புகட்டினாள். சண்டை போடவில்லை. பிலோமினா உள்ளே போய் இன்னொரு சொம்பு கொண்டுவந்து கொடுத்தாள்.

சாமியார் விசாரித்து, எல்லாம் உண்மை என்று தெரிந்துகொண்டு, அப்பாவையும் மகளையும் கூப்பிட்டனுப்பினார். பிலோமினா என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"கவலப்படாதம்மா. மொத சம்சாரம் உயிரோட இருக்கறதால இது செல்லாது. இப்படி ஒரு கல்யாணம் நடக்கவே இல்லைன்னுதான் திருச்சபையில அர்த்தம்."

"நடக்கலைன்னா," என்று பிலோமினா வயிற்றில் கை வைத்தாள், "இது இன்னா சாமி?"

சவரிமுத்து நடு அறையில் நின்றிருந்தார். அவர் காலடியில் உப்புத் தடம் ஈரமாக இருந்தது.

நர்ஸ் படிப்பு போய்விட்டது. பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நடக்க வந்ததும் பிலோமினா அதைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸுக்குப் போனாள். ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது என்று எழுதினாள். வார்டு பெருக்கித் துடைக்கிற வேலை. ஒருமுறை போய்ப் பார்த்தேன். வெள்ளைச் சேலை கட்டிய நர்சுகள் நடந்து போக வழிவிட்டு, துடைப்பத்தோடு சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றாள். "இவங்க பேரு எல்லாம் எனக்குத் தெரியும்," என்றாள். சில வருடங்களில் கடிதம் நின்றது. அவள் அப்பா இறந்ததைச் சொல்லி நான் போட்ட தந்தி, ஆள் இல்லை என்று திரும்பி வந்தது.

சவரிமுத்து சாகும்வரை ஒரு ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தார். யாருக்காவது ஓலை வாசித்தால், தடை ஏதும் அறிந்தவர்கள் என்று உபதேசியார் நிறுத்துகிற இடத்தில் எழுந்து நிற்பார். "மாப்பிள்ளைய விசாரிச்சீங்களா?" என்று கேட்பார். முதல் தடவை அதட்டி உட்கார வைத்தார்கள். அப்புறம் இளவட்டங்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். "தாத்தாவுக்கு ஸ்கைலாப் விழுந்துடுச்சு" என்று முணுமுணுப்பார்கள். எனக்கு ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் எழுந்து கேட்டார். என் அப்பாவுக்கு அவமானம் தாங்கவில்லை. அம்மா மட்டும் மறுநாள் பஸ் ஏறி, மாப்பிள்ளை ஊருக்குப் போய் ஒருமுறை விசாரித்துவிட்டு வந்தார்.

பிலோமினா கூடை சுமந்த அளத்தின் ஒரு பகுதியில் இப்போது இறால் குட்டை வெட்டியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு இடத்தில் யாரோ மாடி கட்டியிருக்கிறார்கள். கோயிலும் புதிது, தரையில் உட்கார வேண்டாம், பெஞ்சு இருக்கிறது. ஓலை இப்போதும் வாசிக்கிறார்கள், ஒலிபெருக்கியில். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று சொல்லி ஒரு கணம் நிறுத்துகிறார்கள். அந்த ஒரு கணத்தில் நான் மட்டும் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். மின்விசிறிகள் சுற்றுகின்றன. யாரும் எழுந்து நிற்பதில்லை. அடுத்த பாட்டு ஆரம்பமாகிவிடுகிறது.