பச்சைப் பிள்ளைக்கு ஒரு நம்பர்

ஆஸ்பத்திரிக் குமாஸ்தா, அதாவது கிராணி, என்றால் நாற்காலியில் சாய்ந்து பேனா சுழற்றுகிறவன் என்று ரப்பர் தோட்டத்தில் ஒரு நினைப்பு உண்டு. என்னைப்போல் எழுதிப் பிழைக்கிறவர்களே, அந்த நாற்காலி எப்படிக் குத்தும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் நான் கோல சிலாங்கூர் பக்கம், சுற்றுத் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவான ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஒரு குழந்தை பிறவிக் கோளாறோடு வந்தால், தடித்த இங்கிலீஷ் புத்தகத்தில் அதற்கு என்ன நம்பர் என்று தேடி, பிள்ளையின் அட்டையில் எழுதவேண்டும். அவ்வளவுதான் வேலை.

கன்னத்தில் மச்சம்

சீமையிலிருந்து புதிதாக வந்த டாக்டர் ஒருநாள் வார்டைச் சுற்றிவிட்டு, ‘இடது கன்னத்தில் கருப்பு மச்சம்’ என்று ஓர் அட்டையில் எழுதி என் மேசைக்கு அனுப்பினார். நானும் பிள்ளையைப் பார்க்காமலே மச்சத்துக்கு உண்டான நம்பரை அழகாகப் போட்டேன். அடுத்த கட்டில் பிள்ளைக்கும் மச்சம். அதற்கடுத்த பிள்ளைக்கும் மச்சம் என்றதும் சந்தேகம் தட்டி வார்டுக்கு ஓடினேன்.

எல்லாம் திருஷ்டிப் பொட்டு! நான் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்த ஒரு தாய், தன் பிள்ளையின் பொட்டை முந்தானையால் துடைத்துவிட்டு ஆறுதல் சொன்னாள்: “கோவிச்சுக்காதீங்க கிராணி, சீக்கு சொஸ்தமாயிடுச்சுன்னு எழுதிக்குங்க லா.”

கிரகணத்து வேலை

அஞ்சலை பால்மரம் சீவுகிறவள். அவளுக்கு மேலுதடு பிளந்த பெண் குழந்தை பிறந்தது. பால் மூக்கு வழியே வந்ததால் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டவேண்டும். அஞ்சலையோ பிள்ளையைத் தொடமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். பிள்ளை நாளுக்கு நாள் மெலிந்தது.

கிரகணத்தன்று வயிற்றுப்பிள்ளைக்காரி கத்தி எடுத்தால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்பது நீங்களும் கேட்டு வளர்ந்ததுதான். மாசமாயிருந்தபோது வந்த கிரகணத்தன்று வீட்டோடு இருக்கிறேன் என்று அஞ்சலை கெஞ்சியும், வேலை வாங்கும் மண்டோர் விடவில்லையாம். அழுதுகொண்டே போய் மரம் சீவியிருக்கிறாள்.

அவள் புருஷன் முனியன் என் மேசைக்கு வந்தான். “இது எதனால வருதுன்னு அந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கா?” என்றான். கோளாறின் பெயரும் நம்பரும் மட்டுந்தான் இருக்கிறது, காரணம் எதுவும் இல்லை என்றேன். “கத்தி, கிரகணம்?” இல்லை என்றேன். முனியனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேரே அவள் கட்டிலுக்குப் போய், நான் காட்டிய வரியில் விரலை வைத்துச் சொன்னான்: “நல்லாப் பாரு புள்ள, இதுல எங்கயும் உன் பேரு இல்ல.”

கேட்டில் ஒரு கேள்வி

அன்று சாயங்காலம் அஞ்சலை பாலாடையைக் கையில் வாங்கினாள். பிள்ளையும் தேறியது. ஆனால் அதன் முகத்தைத் துணியால் மூடியே வைத்திருந்தாள். பேர் வைக்கவும் விடவில்லை. அட்டையில் ‘அஞ்சலை மகள்’ என்பதும் நான் போட்ட நம்பரும்தான் இருந்தன.

வீட்டுக்கு அனுப்பும்போது, மருந்து கட்டும் டிரெசர் ஒரு பால் டின் கொடுத்தார். எனக்கும் அவர்கள் தோட்டத்தில் வேலை இருந்ததால் அதே லோரியில் ஏறினேன். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள் கைக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று, பால் டின்னைக்கூடச் சேர்த்துவைக்க முடியாதபடி ஓட்டை போட்டுத்தான் உள்ளே விட்ட காலம் அது. முள்கம்பி கேட்டில் மலாய்க்காரக் காவலர் டின்னைக் காட்டி யாருக்கு என்று கேட்டார். முனியன் தட்டுத்தடுமாறி மலாயில் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அஞ்சலை துணியை விலக்கிவிட்டாள்.

காவலர் துப்பாக்கியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் குனிந்தார். பிள்ளையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டு, “சியாப்பா நாமா?” என்று பேர் கேட்டார். அஞ்சலை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை: “ராசாத்தி. எம்மவ பேரு ராசாத்தி.”

நம்பர் போடும் வேலையை ஆஸ்பத்திரியிலும் பேர் கேட்கும் வேலையைக் கேட்டிலும் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது, எனக்கென்னவோ அன்று அந்தக் காவலர் வேலைமேல்தான் பொறாமையாக இருந்தது.